வீடு முந்தியா, இடிப்பு முந்தியா?
பொது வீடமைப்பும் நகர மறுசீரமைப்பும்

பால்மரத்தோடு வாழும் நமக்கு மறுநடவு என்பது புதிய செய்தியன்று. பல்லாண்டுகள் பால் தந்து, பட்டை தேய்ந்து போன மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படுகின்றன. நிலம் திருத்தப்பட்டு, புதிய ஒட்டுக்கன்றுகள் நடப்படுகின்றன. அக்கன்றுகள் வளர்ந்து வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். ஆயினும், தோட்டத்தின் எல்லா மரங்களையும் ஒரே ஆண்டில் வெட்டி வீழ்த்தும் நிர்வாகம் எங்கேனும் உண்டா? இல்லை. ஒரு பகுதியில் மறுநடவு நடைபெறும்போது, மற்றப் பகுதிகளில் பால் வெட்டு நின்றுவிடாமல் நடந்துகொண்டேயிருக்கும். அவ்வாறு செய்யாவிடில் தொழிலாளருக்கு வேலை இராது. நிர்வாகத்துக்கும் வருவாய் இராது.

நகரங்களுக்கும் இத்தகைய மறுநடவு உண்டு. அதனையே 'நகர மறுசீரமைப்பு' என்கிறோம். பழுதடைந்த கட்டடங்களை அகற்றி, சாலை, கால்வாய், மின்சாரம், குடிநீர் ஆகியவற்றைப் புதிதாக அமைத்து, நிலத்தை மேலும் நல்ல முறையில் பயன்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால், மரத்துக்கும் வீட்டுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. மரத்தை வெட்டினால் அது விறகாகும். வீட்டை இடித்தால் அதில் வாழ்ந்த குடும்பம் எங்கே செல்லும்? இந்த வினாவுக்கு விடை தருவதே பொது வீடமைப்பு. ஆகவேதான் நகர மறுசீரமைப்பும் பொது வீடமைப்பும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் எனலாம். ஒன்று ஓடி மற்றொன்று நின்றுவிட்டால் வண்டி குடைசாயும்.

'நகரத்து விவகாரம் நமக்கு எதற்கு?' என்று நம்மில் சிலர் கருதக்கூடும். நேற்றுவரை தோட்டமாக இருந்த இடங்கள் பல இன்று நகரங்களாகிவிட்டன. நம் பிள்ளைகளுள் பலர் நகரங்களில் தொழில் செய்கின்றனர். நாம் குடியிருக்கும் வீடோ நம் பெயரில் இல்லை. ஆகவே, இது நம்மைத் தொடும் விவகாரமே. முதலில் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு, பின்னர் நம் நாட்டுக்கு வருவோம்.

நகரம் நலிவது எவ்வாறு?

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சிங்கப்பூரின் நடு நகரம் மக்கள் நெரிசலால் திணறிக்கொண்டிருந்தது. கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள் வாழ்ந்தன. மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டன. பல அறைகளுக்குச் சன்னல் என்பதே கிடையாது. ஒரே சமையற்கட்டு, ஒரே குழாய், ஒரே கழிப்பிடம் ஆகியவற்றை எல்லாக் குடும்பங்களும் பகிர்ந்துகொண்டன.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. மக்கள் தொகை விரைந்து பெருகியது. வீடுகள் அதற்கேற்பப் பெருகவில்லை. போருக்குப் பின் 1947ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்திய அளவிலேயே நிறுத்திவைத்தது. ஏழைகளைக் காக்கவே அச்சட்டம் வந்தது. அது அவர்களைக் காத்ததும் உண்மையே. எனினும், சொற்ப வாடகை பெற்ற கட்டட உரிமையாளர்கள் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். முதன்மைக் குடியிருப்பாளர் தம் இடத்தை அறை அறையாகப் பிரித்துப் பிறருக்கு உள்வாடகைக்கு விட்டார். கட்டடம் நலிந்துகொண்டே போயிற்று. கூட்டம் நிறைந்துகொண்டே வந்தது.

நகரின் ஓரங்களிலோ அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்ட புறம்போக்குக் குடியிருப்புகள் பரவின. 1960ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரின் மக்கள் தொகை ஏறத்தாழ 16 இலட்சம். அவர்களுள் சுமார் இரண்டரை இலட்சம் பேர் நடு நகரின் நலிந்த கட்டடங்களிலும், அதற்கும் அதிகமானோர் நகரோரப் புறம்போக்குகளிலும் வாழ்ந்தனர் என மதிப்பிடப்பட்டது.

1927ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி நிறுவிய சிங்கப்பூர் மேம்பாட்டு டிரஸ்ட் தன் 32 ஆண்டு வாழ்வில் கட்டி முடித்தவை சுமார் 23,000 வீடுகளே. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது போலாயிற்று. பொது வீடுகளில் வாழ்ந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்தாம்.

தீ புகட்டிய பாடம்

1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. முதலில் வீடுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது, அழகையும் வசதியையும் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்பதே அதன் முதற்கொள்கை. ஓர் அறை வீட்டின் மாத வாடகை 20 வெள்ளி, ஈரறை வீட்டுக்கு 40 வெள்ளி, மூவறை வீட்டுக்கு 60 வெள்ளி எனக் கழகம் வாடகையை நிர்ணயித்தது.

கழகத்துக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பாத வேளையில் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ புறம்போக்குக் குடியிருப்பில் தீப்பற்றியது. அத்தாப்புக் கூரைகள் வரிசை வரிசையாக எரிந்தன. நால்வர் மாண்டனர். ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்து பள்ளிக்கூடங்களில் தஞ்சம் புகுந்தனர்.

அரசாங்கம் எரிந்த நிலத்தைக் கையகப்படுத்தியது. முன்னரே கட்டப்பட்டிருந்த வீடுகளிலும், விரைந்து கட்டி முடிக்கப்பட்ட அடுக்குமாடிகளிலும் அம்மக்கள் குடியமர்த்தப்பட்டனர். ஓராண்டுக்குள் அவர்களுக்கு வீடு கிடைத்தது. எரிந்த இடத்திலும் அடுக்குமாடிகள் எழலாயின.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வெற்று நிலம் கிடைத்ததனால் மட்டும் அங்கே புதிய பேட்டை எழவில்லை. தங்க வேறு வீடுகள் கைவசம் இருந்தமையால்தான் அந்த நிலத்தை வெற்று நிலமாக வைத்துக் கட்ட முடிந்தது. கைவசம் வீடில்லாதிருந்தால், வீடிழந்த மக்கள் அடுத்த வாரமே சாம்பல் மேட்டில் மீண்டும் பலகை வீடுகளைக் கட்டியிருப்பர். அவர்களைக் குறை கூறவும் முடியாது. காலியாகக் காத்திருக்கும் வீடே மறுசீரமைப்பின் முதல் மூலதனம் என்பதைப் புக்கிட் ஹோ சுவீ காட்டியது.

1965ஆம் ஆண்டுக்குள் கழகம் கட்டி முடித்த வீடுகள் 54,000க்கும் அதிகம். முந்திய அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியதைப் போல் இது இரு மடங்குக்கும் மேலாகும்.

நிலமும் பணமும்

வீடு கட்ட நிலம் வேண்டும். வீட்டை வாங்க மக்களிடம் பணம் வேண்டும். இவ்விரண்டையும் சிங்கப்பூர் எவ்வாறு தேடிக்கொண்டது?

நிலத்துக்காக 1966ஆம் ஆண்டில் நிலக் கையகப்படுத்தல் சட்டம் இயற்றப்பட்டது. பொதுக் காரியத்துக்காகத் தனியார் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ள அது விரிந்த அதிகாரம் தந்தது. 1960ஆம் ஆண்டில் தீவின் நிலத்தில் நூற்றுக்கு 44 பங்கு அரசாங்கத்திடம் இருந்தது. 1985ஆம் ஆண்டில் அது 76 பங்காக உயர்ந்தது. நிலத்துக்கு வழங்கப்பட்ட இழப்பீடு நெடுங்காலம் சந்தை விலைக்குக் குறைவாகவே இருந்தது. பல ஆண்டுகள் 1973ஆம் ஆண்டு நவம்பர் மாத விலையே அளவுகோலாக வைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில்தான் முழுச் சந்தை விலை வழங்கும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது. அடுக்குமாடி வீடுகள் மலிவாகக் கிடைத்ததற்கு நில உரிமையாளர்களும் ஒரு விலை கொடுத்துள்ளனர் என்பதை மறத்தலாகாது.

பணத்துக்கு வழி தொழிலாளரின் சேமிப்பிலேயே இருந்தது. 1964ஆம் ஆண்டில் வாடகை வீட்டோடு நில்லாமல், வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு முதல் மத்திய சேம நிதியிலுள்ள பணத்தைக் கொண்டு வீட்டை வாங்க இசைவளிக்கப்பட்டது. கைச்சம்பளத்தைத் தொடாமலேயே தவணை செலுத்தும் வாய்ப்பு தொழிலாளருக்குக் கிட்டியது. அவ்வாண்டுக்குப் பின் வீடு வாங்குவோர் தொகை விரைந்து உயர்ந்தது. 1985ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர் மக்களுள் நூற்றுக்கு எண்பது பேர் கழக வீடுகளில் வாழ்ந்தனர்.

நடு நகரம் மாறிய விதம்

தொடக்கத்தில் கழகம் நடு நகரைத் தொடவில்லை. குவீன்ஸ்டவுன், தோ பாயோ போன்ற ஓரப் பகுதிகளிலேயே பெருமளவில் கட்டியது. நடு நகரை இடிக்கத் தொடங்குமுன், அங்கிருந்து வெளியேறுவோர்க்கு இடம் வேண்டுமல்லவா?

இதற்கிடையில், ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர்கள் சிங்கப்பூருக்கு வந்தனர். 1962ஆம் ஆண்டில் எரிக் லோராங்கே என்பவரும், 1963ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ஏப்ரம்ஸ், சுசுமு கோபே, ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் ஆகிய மூவரும் நிலைமையை ஆராய்ந்தனர். மறுசீரமைப்பு என்பது இடித்துக் கட்டுவது மட்டுமன்று. காக்க வேண்டியதைக் காப்பதும், செப்பனிடத் தக்கதைச் செப்பனிடுவதும் அதன் கூறுகளே என்பது அம்மூவர் குழுவின் அறிவுரை.

1964ஆம் ஆண்டில் வீடமைப்புக் கழகத்துக்குள்ளேயே நகர மறுசீரமைப்புக்கென ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டில் அது தனித் துறையாயிற்று. 1974ஆம் ஆண்டில் நகர மறுசீரமைப்பு ஆணையமாகத் தனித்து இயங்கத் தொடங்கியது. வீடு கட்டும் அமைப்பின் வயிற்றிலிருந்தே நகரைப் புதுப்பிக்கும் அமைப்பு பிறந்தது என்பது கருதத்தக்கது. இடிப்பவரும் குடியமர்த்துபவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால், ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

பணி நடைபெற்ற முறை இதுவே. முதலில் ஒரு வட்டாரம் தேர்ந்தெடுக்கப்படும். அங்கு வாழும் குடும்பங்களும் கடைகளும் கணக்கெடுக்கப்படும். குடும்பங்களுக்குக் கழக வீட்டில் முன்னுரிமை வழங்கப்படும். கடைக்காரருக்கும் கைத்தொழில் செய்வோருக்கும் மாற்றிடம் காட்டப்படும். அதன் பின்னரே நிலம் காலியாக்கப்பட்டு, சிறு சிறு துண்டுகள் ஒன்றாக்கப்படும். 1967ஆம் ஆண்டு முதல் அத்தகைய நிலங்கள் ஏலமுறையில் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்றே பீப்பிள்ஸ் பார்க் வளாகம்.

நடு நகரிலேயே தொழில் புரிவோரை அங்கேயே தங்கவைக்கவும் முயற்சிகள் செய்யப்பட்டன. பழைய ஊட்ரம் சிறைச்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. கீழே சந்தையும் கடைகளும், மேலே வீடுகளுமாகக் கிரேத்தா ஆயர், ரோச்சோர் ஆகிய பகுதிகளில் வளாகங்கள் தோன்றின. வீதியோர அங்காடிக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1986ஆம் ஆண்டளவில் அப்பணி முற்றுப்பெற்றது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் நடைபெற்ற சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவுப் பணியும் இவ்வழியே நிறைவேறியது. ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கும் தொழில் செய்தோர்க்கும் மாற்றிடம் கிடைத்திராவிடில், அந்த ஆறு இன்றும் கறுத்தே ஓடிக்கொண்டிருக்கும்.

பெற்றவையும் இழந்தவையும்

குழாய் நீர், மின்விளக்கு, தனிக் கழிப்பிடம், தீயச்சமற்ற சுவர் ஆகியவை பெற்றவை. இவை சிறியவையல்ல. சன்னலில்லா அறையில் குழந்தைகளை வளர்த்த தாய்மார்களைக் கேட்டால் அவற்றின் அருமை தெரியும்.

ஆயினும், இழப்புகளும் உண்டு. புறம்போக்கு வீட்டில் சொற்ப நிலவாடகை செலுத்தி வந்த குடும்பம், அடுக்குமாடியில் வாடகை, தண்ணீர், மின்சாரம் என மாதந்தோறும் ரொக்கம் கட்ட வேண்டியதாயிற்று. கோழி வளர்த்தும் கீரை பயிரிட்டும் கிடைத்த சிறு வருவாய் நின்றது. தச்சுப் பட்டறை, கூடை முடைதல், மளிகை போன்ற சிறு தொழில்கள் சில, புதிய இடத்தின் வாடகையைத் தாங்கமாட்டாமல் மறைந்தன. ஒரே தெருவில் வாழ்ந்த உறவினர் பல நகர்ப்பகுதிகளுக்குச் சிதறினர்.

நம் மக்களும் இதற்கு விலக்கல்லர். தஞ்சோங் பகார் வட்டாரம் ஒரு காலத்தில் தமிழ் ஒலி நிறைந்த இடம். துறைமுகத் தொழிலாளரும், கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் அங்கு நெருங்கி வாழ்ந்தனர். மறுசீரமைப்புக்குப் பின் அவர்கள் தீவின் பல பகுதிகளிலும் பரவலாயினர். 1989ஆம் ஆண்டில், ஒவ்வொரு கட்டடத்திலும் பேட்டையிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டுமென இன விகிதாசாரக் கொள்கை வகுக்கப்பட்டது. இன நல்லிணக்கத்துக்கு அது வழி செய்தது. அதே வேளையில், ஓரினத்தார் ஒரே இடத்தில் கூடி வாழும் பழைய முறை திரும்ப இயலாததாயிற்று.

இடித்தது போதும், எஞ்சியதைக் காப்போம் என்னும் எண்ணமும் காலப்போக்கில் வலுப்பெற்றது. 1989ஆம் ஆண்டு ஜூலையில் சீனநகர், குட்டி இந்தியா, கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ஐ.நா. வல்லுநர்கள் 1963ஆம் ஆண்டில் கூறிய அறிவுரையின் மறுபாதி, கால் நூற்றாண்டு கழித்து நிறைவேறியது. சுவர்கள் நிலைத்தன, ஆயின், அவற்றினுள் வாழ்ந்த குடும்பங்களுள் பெரும்பாலானவை அதற்குள் வெளியேறிவிட்டன.

அடுக்குமாடிக்கும் முதுமை உண்டு

பொது வீடமைப்பு ஒரு முறை கட்டி முடித்துவிட்டு ஓயும் பணியன்று. 1960களில் கட்டப்பட்ட வீடுகளே பின்னர் மறுசீரமைப்புக்கு ஆளாயின. 1990ஆம் ஆண்டையொட்டிப் பழைய கட்டடங்களை மேம்படுத்தும் திட்டங்கள் தொடங்கின. 1995ஆம் ஆண்டில், தேர்ந்தெடுத்த பழைய கட்டடங்களை முழுமையாக இடித்துக் கட்டும் திட்டம் வந்தது. அதன்படி, பழைய வீட்டுக்கு இழப்பீடும், அருகில் கட்டப்படும் புதிய வீட்டை வாங்கும் உரிமையும் வழங்கப்பட்டன. அண்டை அயலார் பிரியாமல் ஒன்றாகவே இடம்பெயர வழி செய்யப்பட்டது. முன்னைய சிதறலால் கற்ற பாடம் இதில் புலனாகிறது.

தஞ்சோங் பகாரில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த இரு கழக அடுக்குமாடிகள் பின்னர் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் 2009ஆம் ஆண்டில் 'பினக்கிள் அட் டக்ஸ்டன்' என்னும் ஐம்பது மாடிக் கட்டடங்கள் ஏழு எழுந்தன. அவற்றில் 1,848 வீடுகள் உள்ளன.

இன்னொரு செய்தியும் உண்டு. அங்கு கழக வீடு 99 ஆண்டுக் குத்தகையிலேயே விற்கப்படுகிறது. குத்தகை முடிந்தால் வீடு அரசாங்கத்துக்குத் திரும்பும். எல்லாக் கட்டடங்களையும் முன்கூட்டியே இடித்துக் கட்ட இயலாது. மிகச் சிலவே அதற்குத் தகுதி பெறும் என்று அரசாங்கம் தெளிவுபடுத்தியுள்ளது. எஞ்சிய பழைய பேட்டைகளில், குடியிருப்போரின் வாக்கெடுப்பின் வழி மறுமேம்பாடு காணும் திட்டம் 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 'சொந்த வீடு' என்ற சொல்லின் பொருளைப் பத்திரத்தில் படித்தறிய வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் அறிவு.

நம் நாட்டு அனுபவம்

வீடு முந்தாமல் மாற்றம் முந்தினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பினாங்கு ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டின் பயனாகப் பல்லாயிரம் எளிய மக்கள் நடு நகரின் பழைய கடைவீடுகளில் வாழ்ந்துவந்தனர். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்க 1997ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 1999ஆம் ஆண்டின் முடிவோடு கட்டுப்பாடு அகன்றது. வாடகை திடீரென உயர்ந்தது. ஏற்ற மாற்று வீடுகள் அருகில் போதிய அளவில் இல்லாத நிலையில் பலர் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது.

கோலாலம்பூரின் கதை வேறு வகையானது. நகரின் நெரிசலைக் குறைக்கவே 1950களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா உருவாக்கப்பட்டது. அது எழுந்த நிலம் எது தெரியுமா? எஃபிங்ஹாம் என்னும் இரப்பர்த் தோட்டமே. நகரத்தார்க்கு வீடு தர ஒரு தோட்டம் இடம் தந்தது.

பின்னர்க் கோலாலம்பூரில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஜாலான் பெக்கெலிலிங்கில் 1960களில் கட்டப்பட்ட 17 மாடி வீடுகள் அக்காலத்தில் தலைநகரின் பெருமைகளுள் ஒன்றாக விளங்கின. முதுமையெய்திய அவை 2010களில் இடிக்கப்பட்டன. சுங்கை பீசிச் சாலையையொட்டி 1960களில் எழுந்த ரசாக் மென்ஷன் குடியிருப்பாளர்களுக்கோ, அருகிலேயே புதிய அடுக்குமாடி கட்டப்பட்டு, அதன் பின்னரே அவர்கள் இடம் மாறினர். வீடு முந்தி என்னும் விதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

புறம்போக்குக் குடும்பங்களுக்காகக் குறைந்த விலை வீடுகளும் கட்டப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் அத்தகைய வீட்டின் விலை 25,000 ரிங்கிட் என வரையறுக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் இடத்துக்கேற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட மக்கள் வீடமைப்புத் திட்டத்தின்கீழ், மூன்று படுக்கையறை கொண்ட ஏறத்தாழ 700 சதுர அடி வீடுகள் கட்டப்பட்டன. தலைநகரில் அவற்றின் மாத வாடகை 124 ரிங்கிட் என நிர்ணயிக்கப்பட்டது.

ஆனால், எல்லார்க்கும் வழி உடனே திறக்கவில்லை. சில இடங்களில் புறம்போக்கு வீடுகள் முதலில் உடைக்கப்பட்டு, மக்கள் தற்காலிக நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். 'சில ஆண்டுகளுக்கு மட்டும்' என்று சொல்லப்பட்ட அவ்வீடுகளில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, பள்ளிப் படிப்பையும் முடித்துவிட்ட குடும்பங்கள் உண்டு. நம் இனத்தார் பலரும் அவற்றுள் அடங்குவர். இடிப்பு முந்திவிட்டால், 'தற்காலிகம்' என்னும் சொல்லுக்கு எல்லை இராது.

அடுக்குமாடியைச் சொந்தமாக வாங்கியோர்க்கு வேறொரு வினா. 1985ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி, கட்டடத்தின் உரிமைப் பிரிவை முடித்துக்கொள்ள எல்லா உரிமையாளரும் இசைய வேண்டும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் மக்களவையில் வைக்கப்பட்ட நகரப் புதுப்பிப்பு மசோதா, முப்பது ஆண்டுக்கு உட்பட்ட கட்டடங்களில் நூற்றுக்கு 80 பேரும், அதற்கு மேற்பட்டவற்றில் 75 பேரும், கைவிடப்பட்ட அல்லது ஆபத்தான கட்டடங்களில் 51 பேரும் இசைந்தால் போதும் என முன்மொழிந்தது. ஒருவர் மறுப்பதால் நூறு குடும்பங்கள் பழுதடைந்த கட்டடத்தில் வாட வேண்டுமா என்பது ஒரு சாரார் கேள்வி. பலர் விரும்புவதால் ஓர் ஏழை தன் வீட்டை இழக்க வேண்டுமா என்பது மறுசாரார் கேள்வி. இரண்டுமே நியாயமான கேள்விகள். இழப்பவர்க்கு அருகிலேயே ஈடான வீடு உறுதியாகக் கிடைக்குமாயின், இரண்டாவது கேள்வியின் கடுமை பெரிதும் தணியும்.

தோட்டத்து எல்லையில் நகரம்

சீஃபீல்டு தோட்டம் இன்று சுபாங் ஜெயா. பிராங் பெசார் தோட்டம் இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயா. புக்கிட் ஜாலில் தோட்ட நிலத்தில் தேசிய விளையாட்டரங்கம் நிற்கிறது. இப்படி நகரம் தோட்டத்தை நோக்கி நடந்து வரும்போது, இடிக்கப்படுவது நடு நகரத்துக் கடைவீடு அன்று, நம் லயமே.

இங்கு நம் நிலை புறம்போக்கு மக்களின் நிலையினும் ஒரு வகையில் நுட்பமானது. தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை நின்றால் வீடும் நிற்கும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வீட்டின் தரத்தை வகுக்கிறது; ஆனால், வீட்டை நமக்கு உரிமையாக்குவதில்லை. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்தாலும், பத்திரம் இல்லையேல் உரிமையும் இல்லை.

இத்தகைய நிலையை நம் முன்னோர் முன்பும் சந்தித்துள்ளனர். 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பல்லாயிரவர் வேலையும் வீடும் இழந்தனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தாலேயே தோட்டங்கள் வாங்கப்பட்டன. தனியொருவரால் ஆகாதது கூட்டுறவால் ஆகும் என்பதற்கு அது சான்று.

நாம் செய்யத் தக்கவை

முதலாவதாக, வேலையில் இருக்கும்போதே வீட்டுக்கு வழி தேட வேண்டும். ஓய்வு பெறும் நாளன்று தேடத் தொடங்குவது காலங்கடந்த செயலாகும். ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியை வீடு வாங்க எடுக்க இடமுண்டு. கணவன் மனைவி இருவரும் தத்தம் கணக்கைப் பார்த்து வைத்துக்கொள்வது நன்று. குறைந்த விலை வீடுகளுக்கு மாநில அரசாங்கங்கள் பெயர் பதிவு செய்கின்றன. பதிவு செய்யாதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் தானாக ஏறாது.

இரண்டாவதாக, பத்திரங்களைக் காக்க வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, தோட்ட நிர்வாகம் அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருப்போமாக. கணக்கெடுப்பு நாளில் சான்று காட்ட முடியாத குடும்பம் கணக்கில் விடுபட்டுப் போவதுண்டு. திருமணமான மகன் தன் குடும்பத்தோடு அதே வீட்டில் வாழ்ந்தால், அது தனிக் குடும்பமாகக் கணக்கிடப்படுமா என்பதையும் அன்றே கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவதாக, இடம் மாறச் சொல்லும் கடிதம் வந்தால், கூடிப் பேசி, தொழிற்சங்கத்தின் வழியாகவோ தொழிலாளர் இலாகாவின் வழியாகவோ சில வினாக்களை எழுத்தில் கேட்க வேண்டும். மாற்று வீடு எங்கே? அது கட்டி முடிந்துவிட்டதா, இனிமேல்தானா? வாடகையா, விற்பனையா? விற்பனையாயின் பட்டா எப்போது கிடைக்கும்? தற்காலிக வீடாயின் எத்தனை மாதங்களுக்கு? பள்ளிக்கூடமும் கோயிலும் என்னவாகும்? வாய்மொழி வாக்குறுதி காற்றோடு போகும். எழுத்தில் உள்ளதே நிற்கும்.

நான்காவதாக, அடுக்குமாடி வாழ்க்கைக்கு நம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அங்கு மின்தூக்கியும் மாடிப்படியும் பொதுச்சொத்து. பராமரிப்புக் கட்டணத்தைப் பலர் கட்டாமல் விட்டால் மின்தூக்கி நின்றுவிடும். முதியோர் மேல்மாடியில் சிறைப்படுவர். இருபது ஆண்டுகளில் அக்கட்டடமே இடிக்கத் தக்கதாகிவிடும். இன்று கட்டப்படும் வீடு நாளைய நலிந்த குடியிருப்பாகாமல் தடுப்பது குடியிருப்போர் கையிலும் உள்ளது.

முடிவாக, தொடங்கிய இடத்துக்கே வருவோம். நாடு வளர நகரங்கள் புதுப்பிக்கப்படத்தான் வேண்டும். பழைய மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை என்பது பால்வெட்டும் நமக்குத் தெரியாததன்று. ஆயினும், மறுநடவுக்கு முன் நாற்றங்காலில் கன்று தயாராக இருக்கிறதா என்று பார்ப்பவரே நல்ல தோட்டக்காரர். அதுபோல், இடிப்பதற்கு முன் குடியேற வீடு தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதே நல்ல நகரமைப்பு. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை, லயத்தில் வாழும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. காலத்தே கேட்போமாக.